வீடா, அலுவலகமா? ஆய்வுகள் சொல்வதும் நிறுவனங்கள் செய்வதும்

2020-ஆம் ஆண்டு, கொரோனா முடக்கம் தொடங்கிய சில வாரங்களிலேயே, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் பெரிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஒரே சமயத்தில் அலுவலகத்தில் இருந்தால் போதும். யாரும் தங்கள் வேலை நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் அலுவலகத்தில் கழிக்கத் தேவையில்லை. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்க்கும் நிறுவனம் இப்படிச் சொன்னதும், ஐ.டி. உலகமே இனி இந்த வழியில்தான் போகும் என்று பலரும் நம்பினார்கள். 2023 அக்டோபரில் அதே நிறுவனம் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. அமேசானும் 2025 ஜனவரி முதல் அதே விதியைக் கொண்டுவந்தது.

இந்த முடிவுகளுக்கு முன்பும் பின்பும், வணிகப் பள்ளிகளைச் சேர்ந்த பேராசிரியர்களும் பொருளியலாளர்களும் வீடா, அலுவலகமா என்ற கேள்வியைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ஷாங்காய், சென்னை, டாக்கா, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் எனப் பல இடங்களில் தரவு திரட்டினார்கள். மேலோட்டமாகப் படித்தால் இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரியும். ஒன்று 13 சதவீதம் உயர்வு என்கிறது. இன்னொன்று 18 சதவீதம் சரிவு என்கிறது. அவரவர் தமக்கு வேண்டிய ஆய்வை எடுத்துக்கொண்டு வாதாடுவதும் அதனால்தான். எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்த முரண் கரைந்துவிடுகிறது. என்ன வேலை, அதைச் செய்பவர் எவ்வளவு அனுபவம் உள்ளவர், அவர் வீடு எப்படிப்பட்டது என்ற மூன்றும் மாற மாற, விடையும் மாறுகிறது.

ஷாங்காய்: வீட்டுக்குக் கிடைத்த முதல் சான்று

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட சோதனை பெருந்தொற்றுக்குப் பத்தாண்டு முன்பே நடந்தது. சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப், ஷாங்காய் அலுவலக வாடகை ஏறிக்கொண்டே போனதாலும், ஆட்கள் வேலையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்ததாலும், கால் சென்டர் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாமா என்று யோசித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜேம்ஸ் லியாங், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நிக்கோலஸ் புளூம், ஜான் ராபர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, 2010 இறுதியில் ஒன்பது மாதச் சோதனையைத் தொடங்கினார். விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தவர்கள் வழக்கம்போல அலுவலகத்திலும் வேலை செய்தார்கள்.

வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. அதில் 9 சதவீதம், இடைவேளைகளும் உடம்பு சரியில்லாத விடுப்புகளும் குறைந்து ஷிப்டில் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. மீதி 4 சதவீதம், நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கையாண்டதால் வந்தது. வேலையைவிட்டுப் போவோர் விகிதம் பாதியானது. எதிர்ப்பக்கமும் இருந்தது: ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. தனிமை பெரிய குறையாக இருந்தது. சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் முந்தைய தேர்வை மாற்றிக்கொண்டார்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை அனுபவத்தில் அறிந்து தேர்ந்தெடுத்த பிறகு, ஆதாயம் 22 சதவீதமாக உயர்ந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் வழக்கமாக விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. சோதனையில் சேர ஆறு மாத அனுபவம் வேண்டும். வீட்டில் வேலைக்கெனத் தனி அறையும் பிராட்பேண்ட் இணைப்பும் வேண்டும். அழைப்புகளை எடுப்பது தனியாளாகச் செய்யும் வேலை. எத்தனை அழைப்பு என்று எண்ணிவிடலாம். இத்தனையும் பொருந்திய இடத்தில் கிடைத்த வெற்றி அது.

பெருந்தொற்று காட்டிய மறுபக்கம்

2020-இல் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தனி அறை இருக்கிறதா என்று கேட்கவில்லை. லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் கிப்ஸ், தன் சக ஆய்வாளர்களோடு, ஒரு பெரிய இந்திய ஐ.டி. நிறுவனத்தின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளை 2019 ஏப்ரல் முதல் 2020 ஆகஸ்ட் வரை ஆராய்ந்தார். வேலை நேரம் கூடியது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தது. முடித்த வேலையின் அளவோ கூடவில்லை, லேசாகக் குறைந்தது. ஒரு மணி நேரத்துக்கான விளைதிறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது.

ஏன் என்பதையும் அந்தப் பதிவுகளே காட்டின. மீட்டிங்குகள் பெருகின. இடையூறில்லாமல் கவனம் செலுத்தி வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது. மேலதிகாரி தனியே உட்கார்ந்து வழிகாட்டும் நேரமும் குறைந்தது. குழந்தைகள் உள்ள ஊழியர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கால் சென்டரில் ஒருவர் தன் வேலையைத் தானே முடித்துவிடலாம். மென்பொருள் பணியிலோ ஒருவர் முடித்தால்தான் மற்றவர் தொடங்க முடியும். பக்கத்து மேசைக்குப் போய் இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடக்கூடிய ஒரு சந்தேகத்துக்கு, வீட்டிலிருக்கும்போது அரை மணி நேர வீடியோ கால் தேவைப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே திசையைச் சுட்டினார்கள். அமெரிக்காவில் பணிபுரியும் 61,000-க்கும் மேற்பட்ட மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் தொடர்புகளை அலசியபோது, ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே நெருங்கி, பிற குழுக்களிடமிருந்து விலகிப்போனது தெரிந்தது. அன்றாட வேலை நடக்கும். புதிய செய்தி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்ச் சேருவதுதான் தடைபடும்.

சென்னை: யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே இழப்பு

இந்த வரிசையில் என்னை அதிகம் உலுக்கிய ஆய்வு சென்னையில் நடந்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் ஆட்கின், அதன் ஸ்லோன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஆன்டோனெட் ஷோர், ஆய்வாளர் சுமித் ஷிண்டே ஆகியோர் டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் வீடு வேண்டுமா, அலுவலகம் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த விருப்பத்தைப் பாராமல், குலுக்கல் முறையில் சிலரை வீட்டுக்கும் சிலரை அலுவலகத்துக்கும் ஒதுக்கினார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் விளைதிறன் அலுவலகத்தில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. இந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளாக நாளாக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. முதலாளிகளுக்கு இந்த ஒரு எண்ணே போதும். ஆனால் ஆய்வின் உயிர்நாடி அடுத்த பகுதியில் இருக்கிறது.

வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்கள் சோம்பேறிகளா? இல்லை. தொடக்கத் தேர்வில் அவர்களே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமும் துல்லியமும் உள்ளவர்களாக இருந்தார்கள். அவர்களை வீட்டில் உட்காரவைத்தபோதுதான் சரிவு கடுமையானது: தங்கள் அலுவலகத் திறனைவிட 27 சதவீதம் குறைவு. அலுவலகத்தை விரும்பியவர்கள் வீட்டில் வேலை செய்தபோது வந்த சரிவு 13 சதவீதம்தான். வீட்டை விரும்பியவர்களுக்கு வீடு ஏன் இப்படிப் பகையானது? குழந்தைகள் இருப்பவர்கள், வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பொறுப்பு சுமப்பவர்கள், வசதி குறைந்த குடும்பத்தினர் ஆகியோர்தாம் வீட்டிலிருந்து வேலை கேட்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பகுதி விளக்கம். வெளியே போக முடியாததால் அவர்கள் வீட்டைக் கேட்கிறார்கள். அவர்களை வெளியே போகவிடாமல் செய்யும் அதே பொறுப்புகள் வீட்டில் வேலை செய்யவும் விடுவதில்லை.

ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருக்கும் வீடு, அடுப்பில் சோறு, இடுப்பில் குழந்தை, இன்று முடிக்கவேண்டிய டார்கெட். இந்தச் சுமையோடு ஒரு பெண் 27 சதவீதம் பின்தங்கினால் அதை அவள் திறமைக் குறைவாக அப்ரைசலில் எழுதுவது அநியாயம். அவளுக்கு வேண்டியது குழந்தையை நம்பி விடக்கூடிய இடமும், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய வேலையிடமும். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் சொன்னது. மகப்பேறு விடுப்புக்குப் பிறகு, பணியின் தன்மை இடம் தந்தால், இருதரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யவும் அதே சட்டம் வழிவிட்டது. இவ்விரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். காப்பகம் அமைக்கும் கடமையைத் தட்டிக்கழித்துவிட்டு, நீங்கள் வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று சொல்வது சலுகையாகாது என்பதற்குச் சென்னைச் சோதனையே சான்று.

புதிதாக வருபவர்கள் இழப்பது

அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றார்கள் என்ற சென்னைக் கண்டுபிடிப்பை வேறொரு ஆய்வு நுணுக்கமாக விரித்துக் காட்டுகிறது. நதாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலாய்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றுக்கு முன் சில குழுக்கள் முழுவதுமாக ஒரே கட்டடத்தில் இருந்தன. சில குழுக்கள் சற்றுத் தள்ளியிருந்த இரண்டு கட்டடங்களில் பிரிந்திருந்தன. சேர்ந்திருந்த குழுக்களில், ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர்கள் சொல்லும் கருத்தும் திருத்தமும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. அதன் பெரும்பயன் இளையவர்களுக்கும் பெண்களுக்கும் போனது. அலுவலகங்கள் மூடி எல்லோரும் வீட்டுக்குப் போனதும் இந்த வேறுபாடு மறைந்தது.

சேர்ந்திருந்தபோது கிடைத்த அந்தப் பயனுக்கான விலையைக் கொடுத்தவர்கள் மூத்தவர்கள். கற்றுக்கொடுக்க நேரம் செலவிட்டதால் அவர்களுடைய சொந்த வேலையின் அளவு குறைந்தது. வீட்டிலிருந்தபோது சீனியர்கள் அதிக வேலை முடித்தார்கள், அதனால் வீடே நல்லது என்று யாராவது சொன்னால், அந்தக் கூடுதல் வேலை எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். அதில் ஒரு பங்கு, கற்றுக்கொடுக்காமல் மிச்சமான நேரம். இன்றைய கணக்கில் அது ஆதாயமாகத் தெரியும். ஐந்தாண்டு கழித்து டீமை நடத்தவேண்டிய ஃப்ரெஷர் கற்காமல் போனது அந்தக் கணக்கில் வராது.

கொலம்பியா வணிகப் பள்ளியின் மெலனி பிரக்ஸும் ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியின் ஜொனாதன் லெவாவும் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு துண்டைச் சேர்க்கிறது. இருவர் இருவராக உட்காரவைத்துப் புதிய யோசனைகளைக் கேட்டபோது, நேரில் சந்தித்தவர்களைவிட வீடியோவில் சந்தித்தவர்கள் குறைவான யோசனைகளையே தந்தார்கள். திரையில் இருக்கும் முகத்தையே கண் பற்றிக்கொள்வதால் எண்ணமும் அலைந்து திரிய முடியாமல் போகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோவில் இருந்தவர்கள் எள்ளளவும் பின்தங்கவில்லை. ஆகவே எல்லா மீட்டிங்குக்கும் நேரில் வரவேண்டியதில்லை. எதற்கு வரவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே

முழுக்க வீடு, முழுக்க அலுவலகம் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் இருப்பதுதான் ஹைபிரிட் முறை. இதற்கு இதுவரை கிடைத்த உறுதியான சான்றும் பழைய சிட்ரிப் நிறுவனத்திலிருந்தே வருகிறது. இப்போது அதன் பெயர் ட்ரிப்.காம். 2021-22-இல் 1,612 பட்டதாரி ஊழியர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் புதன், வெள்ளி ஆகிய இரு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டார்கள். மென்பொருள், மார்க்கெட்டிங், நிதி என்று குழுவாகச் செய்யும் பணிகள் இவை. ஆறு மாதச் சோதனையில் வேலையைவிட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும், தொலைவிலிருந்து வருபவர்களிடமும், மேலாளர் பதவியில் இல்லாதவர்களிடமும் இது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு ஆண்டு அப்ரைசல்களையும் பதவி உயர்வுகளையும் பார்த்தும் செயல்திறனில் எந்த வேறுபாடும் இல்லை.

மேலாளர்களின் மனமாற்றம் கவனிக்கத்தக்கது. சோதனைக்கு முன் 395 மேலாளர்களைக் கேட்டபோது, இந்த முறையால் விளைதிறன் சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்றார்கள். சோதனை முடிந்தபின் அவர்களே 1 சதவீதம் கூடும் என்றார்கள். கண்ணால் பார்த்ததும் பயம் போனது. வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனத்தில் பிரித்விராஜ் சௌத்ரியும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையிலும், வீட்டிலேயே இருந்தவர்கள், பெரும்பாலும் அலுவலகம் வந்தவர்கள் என்ற இரு தரப்பையும்விட, நடுவில் இருந்தவர்களே வேலை, குடும்பம் இரண்டையும் சமாளிப்பது எளிதாக இருந்தது என்றார்கள்.

ஊழியருக்கு இதன் அருமை பயண நேரத்தில் இருக்கிறது. புளூமும் பிறரும் 27 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு நாளில் சராசரியாக 72 நிமிடம் மிச்சமாகிறது. இந்தியாவில் 99 நிமிடம். மிச்சமான நேரத்தில் சுமார் 40 சதவீதத்தை ஊழியர்கள் மீண்டும் வேலைக்கே கொடுக்கிறார்கள். நிறுவனம் இழக்கிறது என்ற பேச்சுக்கு நடுவே இந்த எண் மறக்கப்படுகிறது.

ஆணையிட்டு அழைப்பதால் என்ன கிடைத்தது?

அப்படியிருக்க, ஐந்து நாளும் வா என்ற ஆணை எதனால் வருகிறது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் மார்க் மாவும் அவருடைய மாணவரும் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள நிறுவனங்களின் ஆணைகளை ஆராய்ந்தார்கள். பங்கு விலை சரிந்த பிறகு இத்தகைய ஆணைகள் வருவது அதிகமாக இருந்தது. ஆணைக்குப் பிறகு லாபமோ நிறுவன மதிப்போ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஊழியர்களின் மனநிறைவு குறைந்தது. அவர்களின் அடுத்த ஆய்வில், பெண்கள், மூத்த ஊழியர்கள், திறமை மிக்கவர்கள் ஆகியோர் வேலையைவிட்டுப் போவது கூடியிருந்தது. வேறெங்கும் வேலை கிடைக்கக்கூடியவர் போய்விடுகிறார். குடும்பத்துக்காகப் போக நேர்ந்தவரும் போய்விடுகிறார்.

நம்பிக்கைக் குறைவே இதன் வேர் என்று நினைக்கிறேன். 2022-இல் மைக்ரோசாஃப்ட் 11 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், ஊழியர்களில் 87 சதவீதம் பேர் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். ஊழியர்கள் அப்படி வேலை செய்கிறார்கள் என்று நம்புவது கடினமாகிவிட்டதாக 85 சதவீதத் தலைவர்கள் சொன்னார்கள். ஒருவர் என்ன முடித்தார் என்று அளக்கத் தெரியாத மேலாளர், அவர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்க்கிறார். அலுவலகத்தில் அது வருகைப் பதிவாகவும், வீட்டில் மவுஸ் அசைவைக் கண்காணிக்கும் மென்பொருளாகவும் மாறுகிறது. இரண்டிலும் வேலை அளக்கப்படுவதில்லை.

ஊருக்கே வரும் அலுவலகம்

விவாதத்தில் அதிகம் இடம்பெறாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. சௌத்ரி ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்தபோது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு அதிகாரிகளைப் பற்றிச் செய்த ஆய்வில், வீட்டிலிருந்து மட்டும் வேலை செய்தவர்களை எந்த ஊரிலிருந்தும் வேலை செய்ய விட்டபோது அவர்களின் வேலை அளவு 4.4 சதவீதம் கூடியது என்று கண்டார். செலவு குறைந்த ஊருக்குப் போனார்கள். உறவுகளுக்குப் பக்கத்தில் போனார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024-இல் அரசின் டைடல் நியோ பூங்காக்கள் திறக்கப்பட்டன. இவை வீடும் இல்லை, சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசலும் இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருப்பார். அமைதியாக உட்கார இடம் இருக்கும். சாயங்காலம் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம். சென்னைச் சோதனை சுட்டிய குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே நேரடியான மருந்து. வீட்டை அலுவலகமாக்குவதைவிட அலுவலகத்தை ஊருக்குக் கொண்டுபோவது நம் வீடுகளுக்கு ஏற்றது.

இந்த முழு விவாதமும் உழைப்பவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றியது என்பதையும் சொல்லவேண்டும். பூத் பள்ளியின் ஜொனாதன் டிங்கல், பிரென்ட் நைமன் இருவரும் 2020-இல் கணக்கிட்டபடி, அமெரிக்காவிலேயே 37 சதவீத வேலைகளைத்தான் முழுமையாக வீட்டிலிருந்து செய்ய முடியும். வருமானம் குறைந்த நாடுகளில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. திருப்பூரின் தையல் தொழிலாளிக்கும், ஸ்ரீபெரும்புதூரின் அசெம்பிளி லைனில் நிற்பவருக்கும், அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும் வீடா அலுவலகமா என்ற தேர்வே கிடையாது. ஆனால் குழந்தைகள் காப்பகமும் பாதுகாப்பான பயணமும் அவர்களுக்கும் வேண்டும்.

செய்யவேண்டியது

பதினைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது. அனுபவம் உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வீடு என்பது நிறுவனத்துக்கு நஷ்டமில்லை, ஆட்களும் தங்குகிறார்கள். புதிதாக வருபவர்கள் அலுவலகத்தில் இருக்கவேண்டும். அந்த நாட்களில் சீனியர்களும் அங்கே இருக்கவேண்டும். ஃப்ரெஷரை மட்டும் வரச்சொல்லி, அவருடைய டீம் லீட் வீட்டிலிருந்து திரையில் தெரிந்தால் அந்தப் பயணம் வீண். ஜூனியரைப் பழக்குவதில் ஒரு சீனியர் செலவிடும் நேரத்தை அப்ரைசலில் வேலையாகக் கணக்கிடவேண்டும். பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்கு, காப்பகமும் பக்கத்தில் ஓர் அலுவலகமும் தராமல் வீட்டை மட்டும் தருவது, அவர்கள் தோற்பதற்கு ஏற்பாடு செய்வதுபோல.

ஒரு பயண முன்பதிவு நிறுவனம் தன் ஊழியர்களைப் பிறந்த தேதியால் பிரித்து, எது நல்லது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுத்தது. நம் பெரிய நிறுவனங்களிடம் அதைவிடப் பல மடங்கு ஆட்களும் தரவும் இருக்கின்றன. லட்சக்கணக்கான குடும்பங்களின் வாடகையையும் பயணத்தையும் குழந்தை வளர்ப்பையும் மாற்றிப்போடும் ஓர் ஆணையைப் பிறப்பிக்கும் முன், ஆறு மாதம் சோதித்துப் பார்த்து அதன் முடிவை ஊழியர்கள் முன் வைப்பது அவர்களின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது ஊழியர்களின் உரிமை.